ஃபர்னஸை எடுத்தோம், நான்கு வழிகளை அடைத்தோம்

ஃபுளோரிடாவின் நடுப்பகுதியில், போல்க் கவுண்டியில் நாங்கள் குடியிருக்கும் வீடு 1986-இல் தொழிற்சாலையில் கட்டி முடிக்கப்பட்டு, சக்கரங்களின் மேல் இழுத்து வரப்பட்டு, இங்கே நிறுத்தப்பட்ட ஒரு மொபைல் ஹோம். பதினான்கடி அகலமும் அறுபத்தாறடி நீளமும் உள்ள அந்த வீட்டில், கூடத்திலிருந்து படுக்கையறைகளுக்குப் போகும் குறுகிய நடையில், இரண்டடி அகலத்துக்கு ஒரு சிறிய அறை இருந்தது. அதன் கதவு முழுக்கச் சாய்ந்த பட்டைகளாலான காற்றுவழி; கதவைத் திறந்தால் ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான ஒரு தகரப் பெட்டி நிற்கும். அதுதான் ஃபர்னஸ், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதற்கான புரொப்பேன் அடுப்பு. 2019-இல் நாங்கள் வீட்டை வாங்கியது முதல் அது ஒருநாள்கூட எரிந்ததில்லை. அதைக் கழற்றி எடுத்த அனுபவத்தைச் சற்று விரிவாக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் எடுப்பது அரை நாள் வேலையாகவும், எடுத்த இடத்தை ஒழுங்காக மூடுவது மூன்று வார வேலையாகவும் இருந்தது.

ஜனவரி இரவுகளில்கூடச் சராசரியாகப் பத்து பாகை செல்சியஸ் அளவுக்குத்தான் குளிரும் இந்த ஊரில் ஃபர்னஸ் எதற்கு என்று தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். அமெரிக்காவில் தொழிற்சாலையில் செய்யப்படும் வீடுகளுக்கென்று 1976 ஜூன் 15 முதல் நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு கட்டுமானச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது; வீட்டுவசதித் துறையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமான HUD-ஐக் கொண்டு அதை ஹட் விதி என்பார்கள். வெளியே இத்தனை பாகை குளிர் இருக்கும்போதும் உள்ளே சராசரியாக 70 பாகை ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 21 பாகை செல்சியஸ், வெப்பத்தைத் தாங்கி நிற்கும் வகையில் வீடு செய்யப்பட்டிருக்கிறது என்று தயாரித்தவர் எழுதி ஒட்டியாக வேண்டும். எனவே வெப்பமான மாநிலத்துக்கு அனுப்பப்படும் வீட்டிலும் ஏதேனும் ஒரு சூடேற்றும் சாதனம் இருந்தே தீரும். எங்கள் வீட்டின் சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் அந்த விவரத் தாள் இன்னும் ஒட்டியிருக்கிறது. ஃபர்னஸின் தயாரிப்பாளர் பெயரும் மாதிரி எண்ணும் அதில் அச்சாகியிருக்கின்றன.

எங்களுக்கு முன்பு இங்கே இருந்தவர் வீட்டுக்கு வெளியே, பின்பக்கச் சுவரை ஒட்டி, ஒரு ஹீட் பம்ப் வைத்திருந்தார். கோடையில் குளிர்விக்கும் அதே எந்திரம் குளிர்காலத்தில் சுற்றைத் திருப்பிக்கொண்டு வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து உள்ளே தள்ளும். பத்து பாகைக் குளிருக்கு அது தாராளமாகப் போதும். உறைநிலையை ஒட்டிய சில இரவுகளுக்கென்று உள்ளே ஒரு மின்சூட்டுக் கம்பியும் உண்டு. அந்த எந்திரம் தனக்கென விசிறியையும், கூடத்து மூலையிலிருந்து காற்றைத் திரும்ப இழுக்கும் தனி வழியையும் வைத்துக்கொண்டிருந்தது. ஆனால் காற்றை அறைகளுக்கு அனுப்புவதற்குத் தரைக்கு அடியில் ஏற்கெனவே இருந்த தகரக் குழாயையே பயன்படுத்தியது. ஃபர்னஸ் உட்கார்ந்திருந்ததும் அதே குழாயின் தலைமேல்தான்.

இதை இவ்வளவு விளக்கிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல மொபைல் ஹோம்களில் குளிர்சாதனத்துக்கு என்று தனி விசிறி கிடையாது. குளிர்ச்சுருளை ஃபர்னஸுக்குள்ளேயே வைத்து, ஃபர்னஸின் விசிறியாலேயே குளிர்காற்றையும் தள்ளுவார்கள். அப்படிப்பட்ட வீட்டில் அடுப்பு பத்து வருடமாக எரியவில்லை என்பதற்காக ஃபர்னஸை எடுத்துவிட்டால், அன்றைக்கே வீட்டின் குளிர்சாதனமும் நின்றுவிடும். குளிர்ச்சுருள் உள்ளே இருந்தால் அதிலுள்ள வாயுவை உரிமம் பெற்ற பணியாளர்தான் முறைப்படி உறிஞ்சி எடுக்க வேண்டும். காற்றில் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம். ஆகவே குளிர்சாதனம் ஓடும்போது ஃபர்னஸின் முன்தகடைக் கழற்றி, உள்ளே இருக்கும் விசிறி சுழல்கிறதா, செம்புக் குழாய்கள் ஏதேனும் நுழைகின்றனவா என்று பார்ப்பதே முதல் வேலை. எங்கள் வீட்டில் விசிறி அசையவில்லை, செம்புக் குழாயும் இல்லை. அதன் பிறகே எடுக்கலாம் என்ற எண்ணத்துக்கு வந்தேன்.

எடுத்தே ஆக வேண்டும் என்ற முடிவைத் தந்தது 2024 அக்டோபர் 9-ஆம் தேதி இரவு. மில்டன் புயல் சியெஸ்டா கீ அருகே கரையேறி, மாநிலத்தின் குறுக்கே கிழக்கு நோக்கிப் போனது. நாங்கள் நண்பர் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் மாலை திரும்பியபோது நடை முழுக்க ஈரமாக இருந்தது. ஃபர்னஸின் புகைபோக்கி கூரையைத் துளைத்து மேலே போகும் இடத்தில் பசை வெடித்து, தண்ணீர் பெட்டியின் பின்பக்கமாக வழிந்து இறங்கியிருந்தது. தரையைத் துடைக்கக் குனிந்த என் மனைவி, ஃபர்னஸின் காலடியில் தரைப்பலகை மாவுபோல் உப்பியிருப்பதைக் காட்டினாள். ஒரே இரவு மழையில் பலகை அப்படி ஆகாது. அது பல வருடத்து ஈரம்.

நவம்பரில் அப்பா வந்தார். திருச்சி பெல் தொழிற்சாலையின் கொதிகலன் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த மறுநாளே ஃபர்னஸின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் திருப்புளியோடு போனபோது, "எது எங்கேருந்து வந்து எங்கே போகுதுன்னு முதல்ல எழுது தம்பி, அப்புறம் கழட்டலாம்" என்றார். எழுதிப் பார்த்ததில் நான்கு வழிகள் வந்தன: மின்சாரம், எரிவாயு, கூரை, தரை. எரியாமல் நின்ற அந்தப் பெட்டி வீட்டுக்கு எந்த உதவியும் செய்யாமல் இந்த நான்கு இடங்களிலும் வீட்டைத் திறந்தே வைத்திருந்தது. அவற்றில் மூன்று வழியாக ஈரக்காற்றும் மழைநீரும் உள்ளே வந்துகொண்டிருந்தன. கவுண்டி அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வேலையை இந்த நான்காகவே பிரித்துக்கொண்டோம்.

மின்சாரம் எளிது என்று நினைத்திருந்தேன். ஃபர்னஸுக்கு வந்தது 120 வோல்ட், 15 ஆம்பியர் இணைப்பு ஒன்றுதான். பிரேக்கரை இறக்கி, மல்டிமீட்டரை வைத்து மின்னழுத்தம் இல்லை என்பதை இருமுறை உறுதி செய்துகொண்டு கழற்றியாகிவிட்டது. சிக்கல், அதன் பக்கத்தில் இருந்த மெல்லிய கம்பிகளில் இருந்தது. சுவரில் இருக்கும், வீட்டின் வெப்பத்தை அமைக்கும் தெர்மோஸ்டாட்டிலிருந்து வெளியே உள்ள ஹீட் பம்புக்குப் போகும் 24 வோல்ட் கம்பிகளைத் தனியாக இழுக்காமல், ஃபர்னஸுக்குள் கொண்டு வந்து, அங்கிருந்த முனைகளில் முறுக்கிச் சேர்த்து வெளியே அனுப்பியிருந்தார்கள், அன்றைக்கு ஹீட் பம்பைப் பொருத்தியவர்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, ஆரஞ்சு என்று ஐந்து கம்பிகள். பயன்படாத கம்பிகள்தானே என்று நான் வெட்டியிருந்தால் வீட்டில் குளிரும் இல்லை, சூடும் இல்லை என்று ஆகியிருக்கும். ஒவ்வொன்றையும் படம் பிடித்து, காகிதத் துண்டில் எழுதிக் கட்டி, வண்ணத்துக்கு வண்ணம் நேராக இணைத்து, சுவரில் ஒரு சிறிய பெட்டிக்குள் வைத்து மூடினோம். 120 வோல்ட் கம்பியையும் அதற்கான இரும்புப் பெட்டியில் முடித்து, வெற்று மூடி போட்டோம். கம்பியைச் சுவருக்குள் தள்ளி, மேலே பலகை அடித்து மறைப்பது தவறு. பின்னால் வருகிறவருக்கு அங்கே கம்பி இருப்பதே தெரியாது.

எரிவாயு வேலையை நாங்கள் தொடவில்லை. சமையலறை அடுப்பும் அதே புரொப்பேன் குழாயில்தான் ஓடுகிறது. ஆகவே ஃபர்னஸுக்குப் பிரியும் கிளையில் எப்போதும் வாயு நின்றுகொண்டே இருக்கும். வால்வைத் திருகி மூடிவிட்டால் போதும் என்று சிலர் சொல்வதை நம்பக் கூடாது. பழைய வால்வு ஒருநாள் கசியலாம், யாராவது தெரியாமல் திறந்துவிடலாம். புரொப்பேன் காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலெழுந்து கலைந்துபோகாமல், வீட்டுக்கு அடியில், சுற்றிலும் தகடு அடித்து மூடிய இருட்டான இடத்தில் தேங்கி நிற்கும். உரிமம் பெற்ற ஒருவர் வந்து, தொட்டியை மூடி, தரைக்கு அடியில் கிளை பிரியும் இடம் வரைக்கும் அந்தக் குழாயையே கழற்றி, அங்கே மரை மூடியைப் போட்டு இறுக்கினார். பிறகு அழுத்தமானியைப் பொருத்தினார். பத்து நிமிடத்துக்கு மேல் முள் அசையவில்லை. அதோடு விடாமல் அப்பா தன் கையால் சோப்பு நுரையைத் தடவி, தரையில் படுத்தபடி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். கிளைக்குழாய் முழுவதையும் எடுத்ததில் இன்னொரு நன்மையும் கிடைத்தது: அது தரையைத் துளைத்து வந்த ஓட்டையையும் அடைக்க முடிந்தது. ஒரு விரல் பருமனுள்ள குழாய்க்காக மூன்று விரல் அகலத்துக்குத் துளை போட்டிருந்தார்கள்.

பெட்டியை வெளியே எடுத்தது ஒரு சனிக்கிழமை காலை. எடையைக் குறைப்பதற்காக விசிறியை முதலில் கழற்றினோம். மேலே புகைபோக்கியின் உட்குழாய் ஒன்றுக்குள் ஒன்று நகரும் அமைப்பு. பக்கத்துத் திருகாணியை எடுத்தவுடன் அதை மேலே தள்ளிவிட முடிந்தது. சுவரோடு பிடித்திருந்த பட்டை, காலடியில் இரண்டு திருகாணிகள், அவ்வளவுதான். முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கி இழுத்ததும், பின்பக்கம் கொக்கியிலிருந்து விடுபட்டு முன்னால் வந்தது. உள்ளே அடுப்பின் அறை ஏறக்குறையப் புதிதாகவே இருந்தது. அப்பா அதன் வெப்பமாற்றிக் குழாய்களைக் கையால் தடவிப் பார்த்து, வெல்டிங் நன்றாக இருக்கிறது என்றார். எரியறைக்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்தே உள்ளிழுத்து, புகையையும் நேராக வெளியேயே அனுப்பி, வீட்டுக்குள் இருக்கும் காற்றோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் அடுப்பு எரிய வேண்டும் என்பது ஹட் விதியின் நல்ல ஏற்பாடு. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாயாக அந்தப் புகைபோக்கி இருந்ததன் காரணம் அவருக்குப் பார்த்தவுடன் புரிந்தது. பெட்டியைப் பழைய இரும்புக் கடையில் கொடுத்தோம். நடைச் சுவரில் ஃபர்னஸுக்கென்று இருந்த பழைய வட்டத் தெர்மோஸ்டாட்டில் கண்ணாடிக் குப்பிக்குள் பாதரசம் இருந்ததால், அதை இரும்போடு சேர்க்காமல், கவுண்டியின் அபாயக் கழிவு மையத்தில் தனியாக ஒப்படைத்தோம். 1980-க்கு முந்தைய வீடாக இருந்தால், ஃபர்னஸ் அறையின் உட்சுவரில் அடித்திருக்கும் பலகையில் கல்நார் இருக்கக்கூடும். அதை உடைப்பதற்கு முன் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

இனி தரை. இந்த வேலை முழுவதிலும் என் மனத்தை அதிகம் பிடித்துக்கொண்டது இதுதான்.

ஃபர்னஸ் எடுத்த இடத்தில் ஓரடிக்கு மேல் சதுரமான வாய் ஒன்று, நேராகத் தரைக்கு அடியில் இருக்கும் காற்றுக்குழாயை நோக்கித் திறந்திருந்தது. ஹீட் பம்ப் ஓடும்போது காற்று மேலே திரும்பி வராமல் இருக்க அந்த வாயில் ஒரு தகர மடிப்புக் கதவு வைத்திருந்தார்கள். அது துருப்பிடித்துப் பாதி திறந்த நிலையிலேயே நின்றுவிட்டிருந்தது. அதாவது இத்தனை ஆண்டுகளாக, படுக்கையறைக்குப் போக வேண்டிய குளிர்காற்றில் ஒரு பங்கு ஃபர்னஸுக்குள் ஏறி, காற்றுவழிக் கதவு வழியாக நடையில் வீணாகிக் கொண்டிருந்தது. நடை மட்டும் எப்போதும் சில்லென்று இருப்பதையும், கடைசி அறை எப்போதும் புழுங்குவதையும் வீட்டின் அமைப்பு அப்படி என்று ஏற்றுக்கொண்டிருந்தோம்.

தரைப்பலகை உப்பியதற்கும் காரணம் அதுவே. ஃபுளோரிடாக் கோடையில் வெளிக்காற்றின் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 23, 24 பாகை செல்சியஸ் வரை போகும். அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருளின் மேல் அந்தக் காற்று பட்டாலும் ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரைப் போல அது வியர்க்கும். உள்ளே ஏறிய குளிர்காற்றால் ஃபர்னஸின் அடித்தகடு குளிர்ந்துபோயிருந்தது. எரிவாயுக் குழாய்க்குப் போட்ட பெரிய துளை வழியாக, வீட்டுக்கு அடியிலிருந்த ஈரக்காற்று அந்தத் தகட்டின் மேல் வந்து பட்டது. சொட்டுச் சொட்டாக வடிந்த அந்த வியர்வையை மரத்தூளை அழுத்திச் செய்த தரைப்பலகை குடித்துக் குடித்து உப்பியது. கோகோ நகரில் இருக்கும் ஃபுளோரிடா சூரிய ஆற்றல் மையத்தார், ஈரத்தால் கெட்டுப்போன இத்தகைய வீடுகளை ஆராய்ந்து, காற்றுக்குழாய்க் கசிவும் அதனால் வெளியிலிருந்து உறிஞ்சப்படும் ஈரக்காற்றும் முக்கியமான காரணங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். குளிர்ப் பிரதேசத்தில் இப்படி ஓர் ஓட்டை இருந்தால் எரிபொருள் செலவுதான் கூடும். இங்கே தரையே போய்விடுகிறது.

உப்பிய பலகையைக் கைக்கு உறுதியான மரம் தட்டுப்படும் வரை அறுத்து எடுத்தோம். துருத் தட்டிய கதவையும் அதைப் பிடித்திருந்த சட்டத்தையும் கழற்றிய பிறகு, காற்றுக்குழாயின் உட்புறம் முழுவதையும் வாக்குவம் குழாயால் உறிஞ்சிச் சுத்தம் செய்தோம். முப்பத்தெட்டு வருடத்தில் தரைக் கிராதிகளின் வழியாக உள்ளே விழுந்த நாணயங்களும், ஒரு சிறு குழந்தையின் காலுறையும், விளையாட்டுக் காரின் சக்கரமும் அதில் வந்தன. கால்வனைஸ் தகட்டை வாயைவிட நாற்புறமும் இரண்டு அங்குலம் பெரிதாக வெட்டி, அப்பா ஓரங்களை மடித்துக் கொடுக்க, நான் குழாயின் மேல் திருகாணியால் பிடித்தேன். விளிம்பு முழுவதும் மாஸ்டிக் பசையைத் தூரிகையால் கனமாகப் பூசினோம். காற்றுக்குழாயின் பெயரிலேயே விற்கும் சாம்பல் நிறத் துணி நாடாவை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் 1998-இல் பலவகை நாடாக்களைச் சூட்டிலும் குளிரிலும் வைத்துச் சோதித்தபோது, காற்றுக்குழாய் இணைப்பில் தாங்காமல் போனது அந்தத் துணி நாடாதான். பசை காய்ந்த பிறகு மேலே கண்ணாடி நார்ப் பஞ்சு வைத்து, குறுக்குச் சட்டங்கள் அடித்து, முக்கால் அங்குலப் பிளைவுட்டால் தரையை நிரப்பினோம். வீட்டின் அடிப்பக்கம் கட்டியிருக்கும் கருப்புத் தாளில் எரிவாயுக் குழாய் நுழைந்த கிழிசலையும், அதற்கென்று விற்கும் ஒட்டுத்துண்டால் அடைத்தோம். அந்தத் தாள் கிழிந்திருந்தால் மேலே செய்த வேலை பாதிதான்.

கூரை வேலைக்குக் காலை ஆறரை மணிக்கே ஏறினோம். எட்டரைக்கு மேல் தகரத்தில் கை வைக்க முடியாது. இவ்வகை வீட்டின் தகரக் கூரை மெல்லியது. கால் வைத்தால் அமுங்கும். குறுக்குச் சட்டங்களுக்கு மேலாகப் பலகைகளைப் பரப்பி, எடையைப் பகிர்ந்து, மண்டியிட்டுத்தான் நகர வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய அப்பாவை மேலே ஏற வேண்டாம் என்று என் மனைவி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "மாமா, நீங்க கீழே இருந்தே சொல்லுங்க, அவர் செய்வார்" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். கடைசியில் ஏணியின் மேற்படியில் நின்று சொல்வதென்று ஒப்புக்கொண்டார். புகைபோக்கியின் தொப்பியை மட்டும் மூடி, குழாயை அப்படியே விட்டுவிடுவதுதான் பலர் செய்வது. அதை நான் ஏற்கவில்லை. புயல் வரும் ஊரில் கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் காற்றுக்கு ஒரு கைப்பிடி. குழாயை முழுவதும் எடுத்து, துளைக்கு அடியில் இரண்டு மரச்சட்டங்களைக் குறுக்காகப் பிடித்து, நான்கங்குலம் எல்லாப் பக்கமும் கூடுதலாக வெட்டிய கால்வனைஸ் தகட்டைப் பியூட்டைல் நாடாவின் மேல் வைத்து, இரண்டங்குலத்துக்கு ஒரு திருகாணியாக முடுக்கினோம். கூரையும் கால்வனைஸ், ஒட்டும் கால்வனைஸ். அலுமினியத் தகடு கடையில் மலிவாகக் கிடைத்தும் அப்பா அதைத் தொடவே விடவில்லை. இருவேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அவற்றில் ஒன்று அரிபடும் என்பது அவருக்குத் தொழிற்சாலைப் பாடம். அதன்மேல் வலைத்துணி பதித்து, வெள்ளை ரப்பர் பூச்சு இரண்டு கை. உள்ளே மேற்கூரைத் துளையைப் பஞ்சால் நிரப்பிப் பலகையால் மூடியதோடு நான்காவது வழியும் அடைபட்டது.

ஃபர்னஸை எடுத்த பிறகு வீட்டில் நிலையான சூடேற்றும் சாதனம் ஒன்று இருப்பதும் முக்கியம். காப்பீடு தருகிறவரும், நாளை வீட்டை வாங்குகிறவருக்குக் கடன் கொடுப்பவரும் அதைக் கேட்பார்கள். சுவர்ச் செருகியில் மாட்டும் சிறிய ஹீட்டரைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். எங்களுக்கு ஹீட் பம்ப் இருந்ததால் கவலை இல்லை. அதன் சோதனையும் சீக்கிரமே வந்தது. 2025 ஜனவரி 21-ஆம் தேதி மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பென்சகோலாப் பக்கம், பனி கொட்டிய அந்த வாரம் எங்கள் ஊரிலும் இரவுகள் கடுமையாகக் குளிர்ந்தன. இரவு பதினொரு மணிக்குக் கடைசி அறைக்குப் போய்த் தரைக் கிராதியின் மேல் கை வைத்தேன். முன்பு மூச்சு விடுவதுபோல் வந்த காற்று இப்போது விரல்களைத் தள்ளிக்கொண்டு வந்தது. அந்த அறையும் கூடமும் ஒரே வெப்பத்தில் இருந்தன. நடையில் குளிர் இல்லை.

அந்தச் சிறிய அறைக்குப் பட்டைக் கதவை எடுத்துவிட்டு முழுக்கதவு போட்டு, நான்கு தட்டுகள் அடித்திருக்கிறோம். அரிசியும் பருப்பும் மிளகாய் வற்றலும் அங்கே போய்விட்டன. மார்ச்சில் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய நாள், அப்பா ஒரு வெள்ளை அட்டையை எடுத்து, தொழிற்சாலையில் வேலைச்சீட்டு எழுதிய அதே பெரிய எழுத்தில், ஃபர்னஸ் நீக்கப்பட்ட தேதி, எரிவாயு மூடி இருக்கும் இடம், தெர்மோஸ்டாட் கம்பிகள் சேரும் பெட்டி, கூரை ஒட்டுக்கும் முன்சுவருக்கும் உள்ள தூரம் ஆகியவற்றை எழுதினார். சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம், 1986-ஆம் ஆண்டின் விவரத் தாளுக்குக் கீழே, அதை ஒட்டி வைத்திருக்கிறேன்.